ரிப்போட் வந்திட்டுதோ?

பயிற்சி டொக்டராக இருந்த காலத்தில், ஒரு அம்மாவுக்குப் புற்றுநோய் என்பதை வாட்டு விறாந்தையில் நின்றபடியே சொல்லிவிட்டேன். கையில் ஃபைல், பின்னால் ஆட்கள். அவர் தலையாட்டினார். "சரி டொக்டர், பருத்தித்துறை பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். விளங்கிக்கொண்டார் என்றே நினைத்தேன். அடுத்த கிளினிக்குக்கு வந்து என்னிடமே கேட்டார்: "ரிப்போட் வந்திட்டுதோ?"

இப்போது யாழ்ப்பாணத்தில் மருத்துவ மாணவர்களுக்குக் கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று சொல்லிக்கொடுக்கும்போது முதலில் கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொல்கிறேன். அதற்கென்றே 2000ஆம் ஆண்டில் வெளியான ஸ்பைக்ஸ் என்ற முறையின் 6 படிகளும் அவர்களுக்குப் பாடம்: இடத்தை ஒழுங்குபடுத்துவது, நோயாளிக்கு என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு அறிய விருப்பம் என்று கேட்பது, சொல்வது, அவர் மனநிலையைக் கவனிப்பது, அடுத்து என்ன என்று பேசுவது. ஆனால் படிப்பது ஆங்கிலத்தில், சொல்லவேண்டியது தமிழில். தடுமாற்றம் அங்கேதான்.

ஒருமுறை ஓய்வுபெற்ற தாதி ஒருவர் நோயாளியாக நடிக்க வந்தார். மாணவன், "மன்னிக்கவும் அம்மா" என்று தொடங்கினான். அவர் உடனே, "ஏன் டொக்டர், ஏதும் பிழையாச் செய்துபோட்டீங்களோ?" என்றார். ஆங்கிலத்தில் அனுதாபமாக இருந்த சொல் தமிழுக்கு வந்ததும் குற்றத்தை ஒப்புக்கொள்வதாகிவிட்டது. "உங்களுக்கு என்ன வருத்தம் எண்டு நினைக்கிறீங்கள் அம்மா?" என்று கேட்டுத் தொடங்கச் சொன்னேன். எங்கள் ஊரில் நோய்க்கும் வருத்தம்தான், மனத்துயருக்கும் வருத்தம்தான். அந்த ஒரு கேள்விக்கு ஆட்கள் இரண்டையும் சொல்வார்கள்.

அப்புறம் குடும்பம். "அப்பாவிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ" என்று மகள் கையைப் பிடிப்பாள். கனடாவிலிருந்து மகன் போன் எடுத்து அதையே சொல்வான். அன்பினால் கேட்கிறார்கள், அவர்களோடு சண்டைக்குப் போகக்கூடாது. நான் சொல்வது இதுதான்: "அப்பா கேளாததை நான் திணிக்க மாட்டன். கேட்டால் பொய் சொல்ல மாட்டன்."

அன்றைய வகுப்பில் கடைசியாக வந்தவள் தெற்கிலிருந்து படிக்க வந்த சிங்கள மாணவி. தமிழ் கொஞ்சம்தான் வரும். கதிரையை இழுத்து இருந்தாள். "ரிப்போட் வந்திருக்கு அம்மா. நாங்கள் நினைச்ச மாதிரி நல்லா இல்லை. புற்றுநோய்" என்றாள். அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. தாதி குனிந்து சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். கனநேரம் கழித்து, "பிள்ளை, வீட்டிலை ஆருக்கு முதல் சொல்லுறது?" என்றார்.

அந்தக் கேள்வி நாங்கள் எழுதிக்கொடுத்ததில் இல்லை.