மங்கலப் பத்திரிகையும் மசி தீற்றிய பிரிண்டரும்

2020-ஆம் ஆண்டு பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது, மகனின் பாடங்கள் வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப் கோப்புகளாக வந்து விழத் தொடங்கின. கும்பகோணத்தில் எங்கள் தெருமுனையில் இருந்த ஜெராக்ஸ் கடையும் ஊரடங்கில் பூட்டியிருந்தது. வேறு வழி தெரியாமல் 3,200 ரூபாய்க்கு இணையத்தில் ஒரு பிரிண்டர் வாங்கினேன். அச்சிடும், நகலெடுக்கும், ஸ்கேன் செய்யும் என்று பெட்டியின் மேல் போட்டிருந்தது. அக்கம்பக்கத்தாரை வீட்டுக்கு வரவழைக்கும் என்பதை மட்டும் போடாமல் விட்டிருந்தார்கள்.

அதற்கு முன்பு எங்கள் வீட்டுக் காகித விவகாரங்கள் அனைத்தையும் அந்த ஜெராக்ஸ் கடைக்கார அண்ணன்தான் பார்த்துக்கொண்டார். எஸ்டிடி, ஐஎஸ்டி, பிசிஓ, ஜெராக்ஸ் என்று எழுதிய மஞ்சள் பலகையோடு தொடங்கிய கடை அது. கண்ணாடிக் கூண்டும் தொலைபேசியும் போய்ப் பல ஆண்டுகள் ஆன பிறகும், கடைசிச் சொல் மட்டும் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது. ஆதார் அட்டையை நீட்டினால், நாம் கேட்காமலேயே முன்புறத்தையும் பின்புறத்தையும் ஒரே தாளில், ஒன்றன்கீழ் ஒன்றாக, நேராக எடுத்துத் தருவார். இதில் ஒரு வித்தை இருக்கிறது என்பதை, என் பிரிண்டரில் நானே எடுத்துப் பார்த்த அன்றுதான் உணர்ந்தேன். முதல் முயற்சியில் என் முகம் தாளின் அடியில் பாதி வெட்டுப்பட்டுக் கிடக்க, முகவரி தலைகீழாக மேலே நின்றது. மூன்றாம் முயற்சியில் எல்லாம் சரியாக அமைந்தது, ஆனால் நான் வைத்திருந்தது மனைவியின் அட்டை.

ஊரடங்கு தளர்ந்து கடைகள் திறந்த பின்னும் தெருவில் ஒருவரும் கடைக்குப் போவதாகத் தெரியவில்லை. எதிர்வீட்டு அக்கா மகளின் ஹால் டிக்கெட்டோடு வந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், முப்பது வருடத்து வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் இறக்கிக்கொண்டு வந்தார். அது 27 பக்கம். முன்பெல்லாம் பட்டா, சிட்டா, வில்லங்கம் எதுவானாலும் அலுவலகத்தில் அலைந்து, அச்சடித்த தாளாகவே கையில் வாங்குவோம். இப்போது அலைச்சல் போய்விட்டது, அச்சடிக்கும் வேலை மட்டும் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டது. யாரும் காசு கொடுக்கவில்லை, கேட்க எனக்கும் வாய் வரவில்லை. வில்லங்கத்துக்கு முருங்கைக்காயும் ஹால் டிக்கெட்டுக்குக் கொத்தவரங்காயும் வந்தன. இந்தக் கணக்கில் ஒரு கலர் பக்கத்துக்கு எத்தனை முருங்கைக்காய் வாங்கினால் நமக்குக் கட்டும் என்று மனைவி ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. ஏனென்றால் அதற்கு முதல் நாள்தான் கறுப்பு ஒன்றும் கலர் ஒன்றுமாக இரண்டு கார்ட்ரிட்ஜ் வாங்கியிருந்தேன். இரண்டும் சேர்ந்து, பிரிண்டர் வாங்கிய விலையில் ஏறக்குறையப் பாதி. பிரிண்டரை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டு மசியில் அதை வசூலித்துக்கொள்ளும் வியாபாரம் இது என்பது, இரண்டாவது கார்ட்ரிட்ஜ் வாங்கும்போதுதான் எவருக்கும் உறைக்கும்.

அச்சிட்டால்தான் மசி தீரும் என்றும் நினைத்துவிட வேண்டாம். பிரிண்டரின் ஹெட்டில், அதாவது மசியைத் தெளிக்கும் தலைப்பகுதியில், மயிரிழையினும் மெல்லிய துளைகள் இருக்கின்றன. ஒவ்வொரு துளைக்கும் பின்னால் நுண்ணிய மின்சூடேற்றி ஒன்று மசியைக் கண நேரத்தில் கொதிக்க வைத்து, எழும் குமிழியின் வேகத்தில் ஒரு துளியைத் தாளின் மேல் தெறிக்கவிடுகிறது. இரண்டு வாரம் சும்மா வைத்திருந்தால் துளைகளில் மசி காய்ந்துவிடும். காய்ந்ததை நீக்க ஹெட் கிளீனிங் செய்தால், பிரிண்டர் நல்ல மசியையே கொஞ்சம் உறிஞ்சி, உள்ளே இருக்கும் பஞ்சில் கொட்டிவிடும். அதாவது அச்சிட்டாலும் செலவு, அச்சிடாவிட்டாலும் செலவு.

நகலெடுக்கும் இயந்திரம் பிறந்ததே நகலெடுத்து அலுத்துப்போன ஒருவரால்தான். அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்த செஸ்டர் கார்ல்சன், ஆவணங்களுக்குப் படியெடுத்துப் படியெடுத்து வெறுத்துப்போய், 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் ஈர மசி இல்லாமல் பொடியால் எடுக்கும் முதல் உலர்நகலை எடுத்தார். அது ஜெராக்ஸ் 914 என்ற இயந்திரமாக விற்பனைக்கு வர 1959 ஆயிற்று. சில நேரம் தாள் உள்ளே சிக்கித் தீப்பிடித்துவிடும் என்பதால், கூடவே சிறிய தீயணைப்பான் ஒன்றையும் கொடுத்தார்களாம். என் பிரிண்டரில் தாள் சிக்கும்போதெல்லாம் இதை நினைத்து ஆறுதல் அடைவதுண்டு. எரிவது என் வயிறு மட்டும்தானே.

எங்கள் அம்மாவுக்கு மட்டும் இந்தப் பிரிண்டரின் மேல் தொடக்கம் முதலே நல்ல அபிப்பிராயம் இல்லை. புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் பெரியப்பாவுக்கு அவர் இன்றும் இன்லேண்டு லெட்டரில்தான் எழுதுகிறார். இரண்டரை ரூபாய்த் தாளில், மடிக்கிற ஓரம்வரை இடம் விடாமல் எழுதி, கடைசியில் விட்டுப்போன சங்கதியைப் பக்கவாட்டில் நுழைப்பார். ஒருமுறை, அவர் சொல்லச் சொல்ல நான் கணினியில் அடித்து, அழகிய எழுத்துருவில் அச்சிட்டுக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“நலம், நலமறிய ஆவல்னு அச்சடிச்சு அனுப்பினா, கோர்ட்டுலேருந்து நோட்டீஸ் வந்துருக்குன்னு உங்க பெரியப்பா வக்கீலைப் பார்க்கப் போயிடுவாருடா.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தத் தலைமுறைக்குத் தட்டச்சு செய்த தாள் என்றாலே தாலுகா அலுவலகத்து வாசல்தான். ‘ஜாப் டைப்பிங் செய்து தரப்படும்’ என்ற பலகையின் கீழே கார்பன் தாள் வைத்து மூன்று படி அடித்து வாங்குவது மனுவாக இருக்கும், உறுதிமொழிப் பத்திரமாக இருக்கும். அன்பு ஒருநாளும் மூன்று படிகளில் போனதில்லை. நானும் பள்ளி விடுமுறையில் தட்டச்சு வகுப்பின் காலை ஆறு மணி பேட்சில் ‘யளனக’ அடித்துப் பழகியவன்தான். ஆனாலும் காதல் கடிதம் என்று ஒன்று எழுத நேர்ந்தபோது பேனாவைத்தான் எடுத்தேன். (அதுவும் போய்ச் சேரவில்லை என்பது இங்கே தேவையில்லாத செய்தி.)

சென்ற தை மாதம் மகளுக்குக் காதணி விழா வைத்தோம். அழைக்க வேண்டியவர்கள் அறுபது பேர்தான். அச்சகத்தில் கேட்டபோது, குறைந்தது நூறு பத்திரிகையாவது அடித்தால்தான் கட்டுப்படியாகும் என்றார்கள். நாற்பது பத்திரிகையை வீணாக்குவானேன், நம் வீட்டிலேயே பிரிண்டர் இருக்கிறதே என்று சொன்னவன் நான்தான் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். மகன் கணினியில் வடிவமைத்தான். மேலே பிள்ளையார் சுழி, குலதெய்வத்தின் பெயர், தாய்மாமன் பெயர், சுற்றிலும் சிவப்பும் பச்சையுமாகப் பூக்கரை. தாள் மெலிதாக இருந்தால் மரியாதையாக இருக்காது என்று தடித்த அட்டை வாங்கி வந்தேன். முதல் பதினைந்து அட்டைகள் வந்தவுடன், மகனே மஞ்சளைக் குழைத்து நான்கு மூலையிலும் தடவி, உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டியில் சேர்த்துவிட்டு வந்தான். அவனுடைய சுறுசுறுப்பை அன்றைக்கு மெச்சினேன்.

பதினாறாவது அட்டையில் அம்மா மஞ்சள் தடவ உட்கார்ந்தார். ஈர மஞ்சள் பட்டதும் பூக்கரையின் சிவப்பு கரைந்து, மூலையிலிருந்து தாய்மாமன் பெயரை நோக்கி மெல்ல ஓடியது. அதைக்கூட அம்மா பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் அட்டையைத் திருப்பிப் பிடித்தபோது, வலது ஓரத்தில் விரல் நீளத்துக்குக் கறுப்பு மசி தீற்றியிருந்தது. தடித்த அட்டையின் ஓரம் உருளையில் வளைந்து எழும்போது, குறுக்கே ஓடும் ஹெட் அதை உரசிக்கொண்டு போயிருக்கிறது. நான் இந்தத் தொழில்நுட்ப விளக்கத்தைத் தொடங்குவதற்குள் அம்மா அட்டையைக் கீழே போட்டுவிட்டார்.

“டேய், ஓரத்துல கறுப்பு தடவினா அது என்ன கடுதாசின்னு தெரியாதா உனக்கு?”

தெரியும். கல்யாணக் கடிதத்துக்கு மஞ்சள், கருமாதிக் கடிதத்துக்குக் கறுப்பு. தபால் அட்டையின் ஓரத்தில் கறுப்பைப் பார்த்தாலே, வீட்டுக்குள் கொண்டுவராமல் வாசலில் நின்று படித்துக் கிழித்துப் போட்டுவிட்டு, தலை முழுகப் போகும் ஊர் எங்களுடையது. என் பிரிண்டர் ஒரே பத்திரிகையில் இரண்டையும் அடித்துக் கொடுத்திருந்தது.

உடனே தபால் பெட்டிக்கு ஓடினேன். அடுத்து எடுக்கும் நேரம் மாலை 4.30 என்று தகட்டில் போட்டிருந்தது. ஒன்றரை மணி நேரம் அந்தச் சிவப்புப் பெட்டிக்குக் காவல் நின்றேன். வந்த ஊழியர் நான் சொன்னதை முழுவதும் பொறுமையாகக் கேட்டார், கொஞ்சம் சிரித்தார், பிறகு பெட்டியில் விழுந்த தபாலை இப்படித் தெருவில் வைத்துத் திருப்பித் தர முடியாது, அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பையைக் கட்டிக்கொண்டார். பக்கத்தில் நின்ற மகன், “அந்த விண்ணப்பத்தை நம்ம பிரிண்டர்லயே எடுத்துரலாமாப்பா?” என்றான். அவனை நான் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை, நான்கு ஆண்டுகளாக ஏறாத ஜெராக்ஸ் கடைப் படியில் ஏறினேன். அண்ணன் எதுவும் கேட்கவில்லை. பத்திரிகையை வாங்கி, விரலை நாக்கில் தொட்டு பூக்கரையில் ஒரு தேய் தேய்த்தார், விரல் சிவந்தது.

“இங்க்ஜெட்டு தம்பி. கலர் மசி தண்ணி பட்டா ஓடத்தான் செய்யும். லேசர்ல பொடியை உருக்கி ஒட்டிடுறதால ஓடாது.”

பேசிக்கொண்டே லேசரில் ஒன்றை எடுத்துக் காட்டி, அதிலும் எச்சில் விரலால் தேய்த்துச் சோதித்தார். அது அசையவில்லை. மொத்தம் 45 பத்திரிகை, ஒன்று 15 ரூபாய் வீதம் 675 ரூபாய். நூறு அடித்திருந்தால் அச்சகத்தில் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்றுவரை மனைவியிடம் சொல்லவில்லை. காசை வாங்கிப் போட்டுக்கொண்டு, “வில்லங்கம் எல்லாம் உங்க வீட்லதான் எடுக்கிறாங்களாமே?” என்று மட்டும் கேட்டார். இனிமேல் வருகிறவர்களை இங்கேயே அனுப்புகிறேன் என்றேன். முருங்கைக்காய் வேண்டாம், காசு கொடுக்கச் சொல்லுங்கள் என்றார்.

ஏற்கெனவே பத்திரிகை போய்விட்ட பதினைந்து பேரையும் தொலைபேசியில் அழைத்தேன். பதினான்கு பேர் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்கள். பெரியப்பாவின் செல்போன் மட்டும் வழக்கம்போல் அணைந்து கிடந்ததால், அம்மா அவருக்குத் தன் கையாலேயே ஓர் இன்லேண்டு லெட்டர் எழுதிப் போட்டார். அது போய்ச் சேருவதற்கு முன்பே பெரியப்பா கிளம்பிவிட்டார்.

விழாவுக்கு முதல் நாள் இரவு, கடைசிப் பேருந்தில் வந்து இறங்கிக் கதவைத் தட்டினார். பையிலிருந்து எங்கள் பத்திரிகையை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். நான்கைந்து துண்டுகளாகக் கிழிந்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டப்பட்டிருந்தது. உறையிலிருந்து பாதி இழுக்கும்போதே கறுப்பு ஓரம் தெரிந்ததாம். யாரென்று பார்க்கக்கூட மனம் வராமல் கிழித்துப் போட்டுவிட்டு, நேரே கிணற்றடிக்குப் போய்த் தலை முழுகியிருக்கிறார். ஈரத்துண்டோடு திரும்பி வரும்போது, வாசலில் கிடந்த துண்டு ஒன்றில் மஞ்சள் தெரிந்திருக்கிறது. பிறகு எல்லாவற்றையும் பொறுக்கி, ஒட்டிப் படித்திருக்கிறார். நல்ல நேரம் போட்டிருந்த துண்டு மட்டும் காற்றில் போய்விட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று முதல் நாளே வந்துவிட்டாராம்.