ஏழாவது ஆட்டத்துக்கு யார் மிச்சம்?

ஐப்பசி மழையும், அமெரிக்க பேஸ்பாலின் இறுதிச் சுற்றான உலகத் தொடரும் ஒன்றாகத்தான் வரும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 8 மணி என்றால் நமக்கு விடியற்காலை 5.30. கரண்ட் போகாமல் இருந்தால், ஆபீசுக்குக் கிளம்புவதற்குள் பாளையங்கோட்டையில் உட்கார்ந்தபடி முக்கால்வாசி ஆட்டத்தைப் பார்த்துவிடலாம்.

தொடர் தொடங்கும் முன்னால் நம் ஆட்களுக்குள் நடக்கிற சண்டை ஒன்றுதான்: முதல் ஆட்டத்துக்கு எந்த பிட்சர் (பந்து வீசுபவர்)? "இருக்கதுலயே நல்லவன முதல்ல இறக்குலே, இதுல என்ன யோசன?" என்பது கிரிக்கெட் பார்த்து வளர்ந்த கண். டி20-யில் ஒரு பவுலருக்கு 24 பந்து. நாளைக்கே திரும்பவும் போடலாம். பேஸ்பாலில் ஸ்டார்ட்டர், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர், ஒரே நாளில் 90, 100 பந்து வீசுகிறார். அதன்பின் நாலு நாளாவது கைக்கு ஓய்வு வேண்டும். அதனால் ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் காலண்டரைப் பார்க்க வேண்டும்.

ஏழு ஆட்டத் தொடரை நாள்வாரியாக எழுதிப் பாருங்கள். 1, 2-ஆம் நாள் இரண்டு ஆட்டம். 3-ஆம் நாள் பயணம். 4, 5, 6-ஆம் நாள் எதிரணி ஊரில் மூன்று ஆட்டம். 7-ஆம் நாள் மறுபடி பயணம். 8, 9-ஆம் நாள் கடைசி இரண்டு. முதல் ஆட்டத்தில் வீசியவர் நாலு நாள் ஓய்வோடு ஐந்தாவது ஆட்டத்துக்கு வருவார். இரண்டாவது ஆள் ஐந்து நாள் ஓய்வோடு ஆறாவதுக்கு. ஏழாவது ஆட்டம் யார் கையில் விழுகிறது? மூன்றாம் ஆட்டத்தில் வீசியவர் கையில்! நாலாம் ஆளுக்கு ஒரே ஒரு முறைதான். முதலாவது யார், இரண்டாவது யார் என்று தொண்டை வறளக் கத்துகிறோம். என்னைக் கேட்டால் மூன்றாவது பெயருக்குத்தான் அதிகம் மண்டையை உடைக்க வேண்டும்.

2025 உலகத் தொடரில் டொராண்டோ ப்ளூ ஜேஸ் இந்தக் கணக்கை அப்படியே பின்பற்றியது. யெசாவேஜ், காஸ்மன், ஷெர்சர், பீபர். திரும்பவும் யெசாவேஜ், காஸ்மன். ஏழாவதுக்கு 41 வயது ஷெர்சர். எதிரணியான லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு அந்த இடத்தில் வர வேண்டியவர் கிளாஸ்னோ. ஆனால் ஆறாவது ஆட்டத்தின் கடைசி, அதாவது ஒன்பதாம் இன்னிங்ஸில் அவரை இறக்க வேண்டிய நெருக்கடி. மூன்றே பந்தில் வேலையை முடித்தார். மறுநாள் தொடக்கத்தில், பிட்சராகவும் பேட்டராகவும் ஆடும் ஒடானி, அதுவும் மூன்று நாள் ஓய்வில்.

ஒடானி ஏன் தொடக்கத்திலேயே வந்தார் என்பதற்கு விதியிலேயே பதில் இருக்கிறது. 2022-இல் வந்த விதிப்படி, ஸ்டார்ட்டராக இறங்குபவர் பேட்டிங்குக்கு மட்டுமான டிஹெச் இடத்தையும் தானே வைத்திருந்தால், பந்துவீச்சை விட்ட பிறகும் பேட் பண்ணலாம். நடுவில் பந்துவீச வந்தால் அந்தச் சலுகை கிடையாது. பந்துவீசும் மேடையை விட்டு இறங்கியதும் பீல்டிங்கில் எங்காவது நிற்க வேண்டும், இல்லையென்றால் அவர் பேட்டும் போச்சு. ஒடானி பேட்டை யார் இழப்பார்கள்? மூன்றாம் இன்னிங்ஸில் டொராண்டோவின் பிஷெட்டிடம் மூன்று ரன் ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) வாங்கிப் பந்துவீச்சை விட்டார். அப்புறம் கிளாஸ்னோ, ஸ்னெல் என்று மற்ற ஸ்டார்ட்டர்கள் எல்லோரும் வந்தார்கள். முந்தின நாள் 96 பந்து வீசிய யமமோட்டோ கடைசி எட்டு அவுட்களை எடுத்து, 11 இன்னிங்ஸில் 5-4 என்று முடித்தார். 2001-இல் ராண்டி ஜான்சனும் ஆறாவது ஆட்டத்தைத் தொடங்கி வென்று, மறுநாளே ஏழாவதில் வந்தார். இதைப் பார்த்து எல்லோரையும் இப்படி வீசச் சொல்லக்கூடாது. ஓய்வு குறைந்தால் பந்து விழ வேண்டிய இடம் தவறலாம். வளைந்து தாழ்வாகப் போக வேண்டிய ஸ்லைடர் பந்து நெஞ்சு உயரத்தில் தொங்கும்.

முந்தின சுற்றில் வரும் ஐந்து ஆட்டத் தொடர் வேறு. இரண்டுக்குப் பின் ஒரு நாள், நாலுக்குப் பின் ஒரு நாள் என்று இடைவெளி விட்டால், இரண்டாம் ஆட்டத்து ஆளே நாலு நாள் ஓய்வோடு ஐந்தாவதுக்கு வந்துவிடுவார். அதற்கும் முன்னால் வரும் முதல் சுற்றான மூன்று ஆட்ட வைல்டு கார்டில் இடைவெளியே இல்லை. செவ்வாய்க்கிழமை முதல் ஆளைச் செலவழித்தால், சனிக்கிழமை தொடங்கும் அடுத்த சுற்றின் முதல் ஆட்டத்துக்கு அவர் கிடைக்கமாட்டார். ஞாயிறு வரை பொறுக்க வேண்டும். இந்தச் சுற்றைத் தாண்டி நேராக உள்ளே வரும் அணிக்கு அதுதான் பெரிய லாபம்.

அடுத்தது, எத்தனை இன்னிங்ஸ் வரை விடுவது. ஒரே பேட்டர் ஒரே பிட்சரை மூன்றாவது முறை சந்திக்கும்போது அவருக்குப் பந்து பழகியிருக்கும், பிட்சரும் களைத்திருப்பார். ஒன்பது பேரும் இரண்டு சுற்று முடிப்பது பெரும்பாலும் ஐந்தாம் இன்னிங்ஸ் பக்கம். 2020 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் டம்பா பே அணி இந்தக் கணக்கை நம்பி, 73 பந்தில் ஒன்பது ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட் ஆக்குவது) எடுத்திருந்த, அப்போது தன்னிடம் இருந்த ஸ்னெல்லை வெளியே கூப்பிட்டது. உள்ளே வந்த ஆண்டர்சன் முன்னிலையைக் காப்பாற்றவில்லை. டாட்ஜர்ஸ் கோப்பையைத் தூக்கியது. கணக்கு தப்பு என்று சொல்லமாட்டேன். வரப்போகிறவர் களைத்திருக்கிறாரா என்பதையும் அதே தாளில் எழுதியிருக்க வேண்டும்.

இடக்கை, வலக்கைப் பொருத்தம் இதற்கெல்லாம் அடுத்துத்தான். மைதானத்தை மட்டும் மறக்காதீர்கள். நியூயார்க்கின் யாங்கீ ஸ்டேடியத்தில் வலது மூலை வேலி வெறும் 314 அடி தூரம். பந்தை உயரத் தூக்கவிடுகிற பிட்சரை அங்கே இடக்கை பேட்டர்கள் முன்னால் நிறுத்துவது வம்பு.

தொடருக்கு 26 பேர் பட்டியல். நடுவில் காயம் என்று ஒருவரை மாற்றினால், அடுத்த சுற்றிலும் அவர் ஆட முடியாது. முழங்கையில் வலி என்று செய்தி வந்த பிட்சர் பெயரை "பரவாயில்ல, வச்சுப் பாப்போம்" என்று சேர்ப்பதற்கு முன்னால் இதையும் யோசியுங்கள், அண்ணாச்சி.