ஊமைத்துரைக்கு ஓர் அங்கி

செப்டம்பர் 28, 2024, சனி
பாளையங்கோட்டை

கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட அக்டோபர் 16 அன்று பேரனின் பள்ளியில் நாடகம் போடுகிறார்கள். "எனக்கு ஊ... ஊமைத்துரை வேடம், ஆச்சி" என்று ஓடி வந்து சொன்னான். என் மகளுக்கு முகம் வாடிவிட்டது. "பேச்சு திக்கும் பிள்ளை என்றுதானே வசனம் இல்லாத வேடமாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள், அம்மா?" என்றாள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அண்ணன் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பிறகு, வாய் பேசாத தம்பி ஊமைத்துரையை அடைத்து வைத்தது இந்தப் பாளையங்கோட்டைக் கோட்டையில்தான். 1801 பிப்ரவரியில் தப்பிப் போய், இடித்துத் தள்ளியிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களிலேயே திரும்ப எழுப்பியவர் அவர். அந்தப் பெயரைச் சொன்னால் ஊர் திரண்டது. அவருக்கு உடுப்பு நான்தான் தைப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 30, திங்கள்

வாடகைக்கு வேட உடைகள் தரும் கடை ஒன்றில் மகளுக்காகப் போய்ப் பார்த்தேன். பளபளக்கும் சிவப்பு சாட்டின், தோளில் பஞ்சுப் பொதி, மார்பு முழுக்கத் தங்க லேஸ். கை முட்டிக்குக் கீழே மணி போல விரிந்து தொங்குகிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஊமைத்துரையை எதிர்த்துப் போரிட்ட படையில் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி இருந்தார். ஒல்லியாக, உயரமாக, நோயாளி போலத் தோன்றிய இளைஞர் என்றுதான் அவர் ஊமைத்துரையைப் பற்றி எழுதியிருக்கிறார். சிறையிலிருந்து வந்த கையோடு ஊராரைக் கோட்டைக்கு மண் சுமக்க வைத்த மனிதரின் தோளில் பஞ்சுப் பொதி எதற்கு?

டவுனுக்குப் போய் மூன்று மீட்டர் காடாத்துணி வாங்கினேன். கரிசல் காட்டுப் பருத்தி விளையும் சீமையின் ஆளுக்குப் பருத்திதான் பொருத்தம். இடைக்கச்சைக்கு என் அம்மாவின் வீரவநல்லூர் செடிபுட்டாச் சேலையை எடுத்து வைத்திருக்கிறேன். உடல் நைந்துவிட்டது, முந்தானை மட்டும் இன்னும் திடமாக இருக்கிறது.

அக்டோபர் 3, வியாழன்

பேரனை அழைத்துக்கொண்டு பாஞ்சாலங்குறிச்சி போய் வந்தோம். இப்போது நிற்பது 1974-இல் கட்டிய நினைவுக் கோட்டை. ஜக்கம்மா கோயிலில் கும்பிட்டோம். பழைய கோட்டை மண்ணால் ஆனது என்றதும் குனிந்து ஒரு கட்டியை எடுத்து நசுக்கிப் பார்த்தான்.

அக்டோபர் 6, ஞாயிறு

துணியை முந்தாநாள் இரவே நனைத்துச் சுருங்கவிட்டேன். காடாவை நனைக்காமல் வெட்டினால் முதல் துவைப்பிலேயே பிள்ளைக்குக் கை நீளம் பத்தாமல் போகும். பிறகு கடுக்காயை இடித்துக் கொதிக்கவைத்து, வடிகட்டிய நீரில் ஊறவைத்தேன். இதற்கு இரும்பு வாளி ஆகாது, கறுத்துவிடும். பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து நிழலில் உலர்த்தியதில் இளம் பழுப்பு மஞ்சள் ஏறியிருக்கிறது. புதுத்துணியின் வெளிறிய பார்வை போய்விட்டது.

இன்று வெட்டினேன். மார்புச் சுற்றளவு 24 அங்குலம், கை நீளம் 17. அந்தக் காலத்து அங்கிக்குப் பொத்தான் இல்லை, பக்கவாட்டில் நாடாவால் கட்டுவது. இடுப்புக்குக் கீழே 60 அங்குலத் துணியைச் சுருக்கு வைத்து இறக்கியிருக்கிறேன். இரண்டு அக்குளிலும் மூன்று அங்குலச் சதுரத் துண்டு ஒன்றைக் கோணலாக வைத்துத் தைத்தேன். அது இல்லாவிட்டால் கையைத் தூக்கும்போது உடுப்பு முழுவதும் மேலே ஏறிவிடும். இந்தப் பிள்ளைக்கு நாடகமே கையில்தான் இருக்கிறது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. மெஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. கத்தரிக்கோலும் டேப்பும் சாமி முன்னால். கை பரபரத்தாலும் இன்றைக்கு மெஷினைத் தொடக்கூடாது.

அக்டோபர் 13, ஞாயிறு

போட்டுப் பார்த்தோம். தோள் சரி, இறக்கம் சரி, கைதான் தவறு.

ஊமைத்துரை படைக்குக் கட்டளையிட்ட விதத்தையும் அதே வெல்ஷ் எழுதி வைத்திருக்கிறார். இடது உள்ளங்கையில் சில வைக்கோல் துரும்புகளை அடுக்குவாராம். அவைதாம் வெள்ளைக்காரர்கள். வலது கையால் அவற்றை ஒரே வீச்சில் தட்டிவிட்டு, வாயால் 'ஸ்ஸ்ஸ்' என்று சீறுவாராம். பாய்வதற்கு அதுதான் உத்தரவு. டீச்சர் இதைத்தான் காட்சியாக வைத்திருக்கிறார். பேரன் செய்து காட்டினான். துரும்பு பறப்பதற்குப் பதிலாக வலது கையின் வாயில் போய்ச் செருகிக்கொண்டது. மணிக்கட்டில் நான் விட்டது 9 அங்குலம். அழகாக விழும் என்று நினைத்துவிட்டேன். முகம் சுருங்கிப் போய் நின்றான்.

இரண்டு கையையும் பிரித்து, மணிக்கட்டை ஏழாகக் குறுக்கி, உள்பக்கம் சின்னத் திறப்பு வைத்து நாடா தைத்தேன். உள்ளங்கை முழுவதும் வெளியே தெரிய வேண்டும் என்று கை நீளத்திலும் அரை அங்குலம் குறைத்தேன். பக்கவாட்டு நாடாவை அவனால் தனியே கட்ட முடியவில்லை. அதன் அடியில் ஒரு பிரஸ் பட்டன் வைத்துவிட்டேன், வெளியே தெரியாது.

திரும்பப் போட்டு, பதினைந்து இருபது முறை தட்டினான். ஒரு துரும்பு கூடத் தங்கவில்லை. அந்தச் சீறலில் அவனுக்குத் திக்கவே இல்லை. அடுப்படியிலிருந்து மகள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அக்டோபர் 16, புதன்

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். கட்டபொம்மனாக வந்த பையன் நன்றாக முழங்கினான். அவனைத் தூக்கிலிட்ட காட்சி முடிந்ததும் என் பேரன் வந்தான். செடிபுட்டாக் கச்சை, முண்டாசு, அந்தப் பழுப்பு அங்கி. சுற்றிலும் பத்துப் பிள்ளைகள் ஈட்டியோடு நின்றார்கள். அவன் அவசரப்படவில்லை. மடியிலிருந்து துரும்புகளை எடுத்து ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்தான். அரங்கில் பேச்சு அடங்கிவிட்டது. கையை வீசினான், சீறினான். பத்துப் பிள்ளைகளும் கத்திக்கொண்டு பாய்ந்தார்கள். மகள் என் கையைப் பிடித்து நெரித்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தும் கழற்ற மாட்டேன் என்று அப்படியே தூங்கிவிட்டான். இடுப்புச் சுருக்கில் ஓர் இடத்தில் தையல் விட்டிருக்கிறது. நாளைக் காலையில் இரட்டை நூல் போட்டு அடித்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இதை நடித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்களாம்.