ஈசானிய மூலையில் ஒரு மேன்ஹோல்

மனை வாங்கியதும் அதன் வரைபடத்தை அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, தென்காசியிலிருந்து போன். "வடகிழக்கு மூலையில வட்டம் போட்டு என்னமோ எழுதியிருக்கே, அது என்னடி?" மேன்ஹோல் என்றேன். "ஈசானியத்துல சாக்கடையா?" அதற்கப்புறம் இரண்டு நாள் பேச்சு இல்லை.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், நாங்கள் இருக்கும் ஊரில், இது சகஜம் என்று அம்மாவுக்கு எப்படிச் சொல்வது! இந்த ஊர் முழுக்க மேடும் பள்ளமும்தான். தெருவுக்குக் கீழே சரிவில் இருக்கும் வீட்டின் கழிவுநீர் மேலே ஏறித் தெருவுக்குப் போகாது. அதனால் நகராட்சியின் கழிவுநீர்க் குழாய் பல இடங்களில் தெருவில் இல்லாமல், பின்முற்றங்களின் வழியே வேலியை ஒட்டி ஓடுகிறது. அந்தப் பட்டையில் எதுவும் கட்டக்கூடாது. மனை நம்முடையதுதான், ஆனாலும் அங்கே அவர்களுக்கு உரிமை உண்டு. எங்கள் மனை தெருவிலிருந்து பின்வேலி வரை 28 மீட்டர். அதற்குள் 4 மீட்டர் இறங்குகிறது. பள்ளம் வடகிழக்கில் இருப்பது வாஸ்துப்படி நல்லது என்று எங்கிருந்தோ ஒரு மாமா சொல்லப்போய், அம்மா கொஞ்சம் சமாதானமானாள்.

நான் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. அதனால் கட்டடம் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மாடி வீடு கட்டப்போகிறவர்கள் யாராவது கேட்டால் நான் டைல்ஸ், பெயின்ட் பற்றியெல்லாம் பேசுவதில்லை. மண்ணையும் அதற்குள் போகிற குழாயையும் பற்றித்தான் பேசுவேன். கேட்டவர்கள் முகம் மாறிவிடும். பரவாயில்லை.

முதலில் மண். எங்கள் மனையில் இருப்பது பெரீயா சிவப்பு மணல். டர்பனின் பழைய குன்றுப் பகுதியான பெரீயாவின் பெயரைத்தான் இந்த மண்ணுக்கு வைத்திருக்கிறார்கள். கடற்கரையை ஒட்டி ஒரு காலத்தில் காற்று குவித்த மணல்மேடுகள்தான் இப்படிச் சிவந்து கிடக்கின்றன. திசையன்விளைப் பக்கம் தேரிக்காட்டைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும், ஏறக்குறைய அதே நிறம். முதல் நாள் ஒரு பிடி அள்ளிப் பார்த்தபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் இது ஏமாற்றுகிற மண். காய்ந்திருக்கும்போது வெட்டினால் சுவர் மாதிரி நிற்கும். மணலைப் பிடித்து வைத்திருப்பது கொஞ்சம் களிமண்ணும் இரும்புத் துருவும்தான். தண்ணீர் இறங்கினால் அந்தப் பிடி விட்டுப்போகும், மேலே சுமை இருந்தால் அப்படியே அமுங்கும்.

நாங்கள் மனை வாங்கியது 2021இல். அடுத்த வருடம் ஏப்ரல் 11, 12 தேதிகளில் பெய்த மழையை இங்கே யாரும் மறக்கமாட்டார்கள். சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் மாகாணமான குவாசூலு நட்டாலில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் காலி மனைக்கு ஒன்றும் ஆகவில்லை. எதிர்ச்சரிவில் ஒரு வீட்டின் தடுப்புச்சுவர் மட்டும் மொத்தமாகக் கவிழ்ந்து கிடந்தது. போய்ப் பார்த்தேன். சுவர் நல்ல கனம். பின்னால் தேங்கிய தண்ணீர் வெளியேற ஒரு துளைகூட இல்லை.

மண்வேலைக்கு இங்கே நல்ல காலம் ஜூன், ஜூலை. குளிர்காலத்தில் மழை குறைவு. வரைபடத்தில் ஒரு கையெழுத்தை வாங்காமல் கொடுத்து, திரும்பி வந்து, மறுபடி கொடுத்து, செப்டம்பர் ஆக்கியது நான்தான். கட்டத் தொடங்குவதற்கு 15 நாள் முன்பே புது வீடுகளுக்கு உத்தரவாதம் தரும் அரசு அமைப்பான என்.எச்.பி.ஆர்.சி.யில் வீட்டைப் பதிவு செய்ய வேண்டும் என்ற கணக்கையும் கடைசியில்தான் பார்த்தேன். மழை சீசன் வாசலில் நிற்கும்போது டி.எல்.பி. வந்து இறங்கியது. நம்மூரில் ஜேசிபி என்கிறோமே, அதுதான்.

சரிவில் வீடு என்றால் மேல்பக்கம் வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் நிரப்பி, நடுவில் ஒரு சமதளம் எடுப்பார்கள். எங்களுக்கு மேலே 1.3 மீட்டர் வெட்டு, கீழே கிட்டத்தட்ட அதே அளவு நிரப்பு. கணக்கு டீச்சருக்கு இது சுலபமாகத் தெரிந்தது, வெட்டியதும் நிரப்பியதும் சரியாகிவிடும் என்று. ஆகாது. முதலில் புல்லும் வேரும் உள்ள மேல்மண்ணைச் சுரண்டித் தனியே ஒதுக்க வேண்டும், அது உள்ளே போனால் மக்கி அமுங்கும். தோண்டிய மண்ணும் ஊதிக்கொள்ளும். குழியில் 40 கன மீட்டராக இருந்தது லாரியில் ஏறும்போது 50 ஆகிவிடுகிறது. வண்டிக்கணக்கில் வாடகை கொடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

நிரப்புவதற்கு முன் சரிவைப் படிக்கட்டாக வெட்டச் சொன்னார் பொறியாளர். சாய்ந்த தரையில் அப்படியே மண்ணைக் கொட்டினால் ஒரு மழையில் வழுக்கிக்கொண்டு போய்விடும். அப்புறம் 150 மில்லிமீட்டர் அடுக்கு, தண்ணீர் தெளிப்பு, இடித்து இறுக்குவது, அடுத்த அடுக்கு. பார்க்கச் சலிப்பாக இருக்கும். ஆனால் மண்பரிசோதனைக்கு வந்த பையன் வேலை செய்ததைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். இடுப்புக்கு மேல் வரும் ஒரு கம்பி, நுனியில் கூம்பு. 8 கிலோ எடையைக் கம்பியில் 575 மில்லிமீட்டர் தூக்கி விடுகிறான். ஒவ்வோர் அடிக்கும் கம்பி எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்கிறான். குன்யே, குபிலி, குதாத்து என்று ஜூலுவில் எண்ணிக்கொண்டே. மேலடுக்கில் கம்பி நகரவே யோசித்தது. பின்மூலையில் ஓரிடத்தில் மூன்றே அடியில் சடக்கென்று உள்ளே போனது. "அமான்ஸி" என்றான். தண்ணீர். முந்தின நாள் மழை அங்கே தேங்கியிருந்தது. அந்த மூலையைத் தோண்டி எடுத்து மறுபடி இடித்தார்கள்.

பக்கத்து வீட்டில் ஒரு தாத்தா இருக்கிறார். நாற்பது வருடம் பிளம்பர் வேலை பார்த்தவர். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால், டர்பனுக்குள்ளேயே கேட்டோ மேனரிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்குக் குடிபெயர்க்கப்பட்ட குடும்பம், 1960களில். அவர் தமிழ் பாட்டியிடம் கற்ற தமிழ், பாதி வாக்கியத்தில் தீர்ந்துபோய் ஆங்கிலம் வந்துவிடும். வேலி மேல் கையூன்றி நின்று எல்லாவற்றையும் பார்ப்பார். குழாய்க்குப் பள்ளம் தோண்டிய அன்று கேட்டார்: "மா, இந்தக் குழாய் அடைச்சுக்கிட்டா கை எங்க வைப்பே?"

அந்தக் கேள்விக்கு வரைபடத்தில் பதில் இருந்தது, நான்தான் படித்திருக்கவில்லை. அன்று சாயங்காலம் உட்கார்ந்து படித்தேன். 110 மில்லிமீட்டர் குழாய். 60க்கு 1 சாய்வு, அதாவது 12 மீட்டர் ஓடினால் 20 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். வீட்டுக்கு அடியில் போகும் பகுதி நேர்கோடாக இருக்க வேண்டும், வளைவே கூடாது, திறந்து பார்க்கும் வாய் வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். கம்பி விட்டு அடைப்பு எடுக்க 'ராடிங் ஐ' என்று ஒரு வாய் வைப்பார்கள். குழாயிலிருந்து சாய்வாக ஏறி வந்து தரை மட்டத்தில் மூடியோடு முடியும். எங்களுக்கு அப்படி மூன்று. அஸ்திவாரச் சுவரைத் தாண்டுகிற இடத்தில் குழாயைச் சுற்றி இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் சுவர் அசைந்தால் குழாய் நொறுங்கும்.

மாடியிலும் இதே கேள்விதான். மேலே இரண்டு பாத்ரூம். குழாய்களைச் சுவருக்குள் புதைத்துப் பூசிவிடலாம், அழகாக இருக்கும் என்றார் மேஸ்திரி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பாத்ரூமின் குழாய் வெளிச்சுவரில் வெளிப்படையாக இறங்குகிறது, அடியில் திருகித் திறக்கும் மூடியோடு. அசிங்கமாக இருக்கிறது என்று வருகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கட்டும். இன்னொன்று சாப்பாட்டு அறைக்கு மேலே. அதன் வளைவுகள் ஸ்லாபுக்கும் சீலிங்குக்கும் நடுவே இருப்பதால் சீலிங்கில் 450க்கு 450 மில்லிமீட்டர் அளவில் ஒரு கதவு வைக்கச் சொன்னேன். வைத்தார்கள், ஆனால் குழாய் மூட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி. கை எட்டாது. ஸ்லாபில் குழாய்க்கு விட வேண்டிய ஓட்டை ஒன்றையும் மறந்துவிட்டார்கள். கான்கிரீட் போட்டபின் துளைக்க வேண்டியதாயிற்று, அதுவும் பீமில் படாமல். பொறியாளர் வந்து சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டுக் காட்டும்வரை நான் மூச்சுவிடவில்லை.

தாத்தா சொன்ன இன்னொன்று: மூடுவதற்கு முன் படம் எடு, டேப்பை விரித்து வைத்து எடு. எடுத்தேன். குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் இறங்குகிறதா என்று பார்த்தார்கள், இறங்கவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து திறந்த பள்ளத்தைப் பார்த்துவிட்டுப் போனார். மண் போட்டு மூடிய அன்று நான் பள்ளியில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். வானம் இருட்டிக்கொண்டு வந்ததாம். குழாய்க்கு மேலே அடுக்கடுக்காகப் போட வேண்டிய மண்ணை டி.எல்.பி.யால் ஒரே தள்ளாகத் தள்ளி மூடிவிட்டார்கள். மறுநாள் பார்த்தேன், மேலே எல்லாம் சமமாக இருந்தது. திருப்தியாக வீட்டுக்குப் போனேன்.

ஜூலை 2023இல் குடிபுகுந்தோம். அடுத்த பொங்கலுக்கு முப்பது பேர் சாப்பிட வந்திருந்தார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீர் சமையலறைக்கு வெளியே, கழிவுநீர் விழுகிற 'கல்லி' என்ற சின்னத் தொட்டி வழியாகப் பொங்கி வந்தது. பாலுக்கு முன்பு அதுதான் பொங்கியது என்று கணவர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். வாளியும் துடைப்பமுமாக நான் பின்னால், கரும்பு கடித்துக்கொண்டு விருந்தாளிகள் முன்னால்.

அடைப்பு எடுக்க வந்தவர் ராடிங் ஐ எங்கே என்று கேட்டார். இரண்டைக் காட்டினேன். மூன்றாவது, அவருக்கு வேண்டியது, எங்கும் இல்லை. பின்வராந்தாவுக்கு டைல்ஸ் போட்டவர்கள் மூடியோடு சேர்த்து அதன் மேலேயே ஒட்டிவிட்டிருந்தார்கள். படத்தைத் தேடி எடுத்தேன். சமையலறைச் சுவர் மூலையிலிருந்து 2.35 மீட்டர், வராந்தா விளிம்பிலிருந்து 80 சென்டிமீட்டர். பென்சிலால் புள்ளி வைத்தேன். உளி வைத்துத் தட்டியதும் நான்காவது அடியில் சத்தம் மாறியது. சிவப்பு மணலுக்கு நடுவே வெள்ளை மூடி. ஒரே ஒரு டைல்தான் போனது.

கம்பி விட்டு, அப்புறம் கேமரா விட்டுப் பார்த்தார்கள். திரையில் குழாய்க்குள் போகிற கேமரா, தெளிவாகப் போய்க்கொண்டே இருந்து, திடீரென்று தண்ணீருக்குள் முங்கி, இரண்டு மீட்டர் கழித்து வெளியே வருகிறது. குழாய் நடுவில் தொய்ந்திருந்தது. ஒரு முனை வீட்டுப் பக்கம் உறுதியாக நிற்கிறது, மறுமுனை மேன்ஹோலில். நடுவில் இடிக்காமல் நிரப்பிய மண் அமுங்க, குழாயும் கூடவே தொய்ந்துவிட்டது. அந்தக் குழியில் எண்ணெயும் சோறும் ஆறு மாதமாகத் தங்கியிருக்கின்றன. வீட்டின் அஸ்திவாரம் ஆழமாக இயற்கை மண்ணுக்கே போயிருப்பதால் வீட்டுக்கு ஒன்றும் இல்லை. சின்னக் குறைகளுக்கான மூன்று மாத உத்தரவாதம் முடிந்திருந்தது. கட்டுமான அமைப்புக்கு ஐந்து வருடம் உண்டு, ஆனால் தொய்ந்த சாக்கடைக் குழாய் அதில் வருமா என்ற வாதத்துக்குள் போகாமல், கட்டியவரோடு பாதிப் பாதி என்று முடித்துக்கொண்டோம். வராந்தாவில் ஒரு பட்டையை வெட்டி, 100 மில்லிமீட்டர் மணல் படுக்கை போட்டு, குழாயை மாற்றி, அடுக்கடுக்காக இடித்து மூடினார்கள். இந்தத் தடவை நான் லீவு போட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். தாத்தா வேலிக்கு அந்தப் பக்கம்.

சாப்பாட்டு அறை சீலிங் கதவை மட்டும் இன்னும் மாற்றவில்லை. வருகிற வியாழக்கிழமை ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

வராந்தாவில் மூடி இப்போது பளிச்சென்று தெரிகிறது, பித்தளைத் திருகோடு. மார்கழியில் கோலம் போடும்போது அதைத்தான் நடுப்புள்ளியாக வைத்துக்கொள்கிறேன். இங்கே அப்போது கோடை, தோட்டத்தில் பூசணிக்கொடி பூத்துக் கிடக்கும். அம்மாவுக்குப் படம் அனுப்புவதற்கு முன் மூடிக்கு மேல் ஒரு பூசணிப்பூவை வைத்துவிடுவேன்.