"ஏன் காஃப்கா?" - இரண்டாவது முயற்சியில் தேறிய கதை

நேற்று மாலை மின்னஞ்சல் வந்தது. மென்பொருள் ஆர்க்கிடெக்டுகளுக்கான ஐஎஸ்ஏகியூபி அட்வான்ஸ்டு சான்றிதழ்த் தேர்வில் தேறிவிட்டேன், இரண்டாவது முயற்சியில். பயிற்சி வகுப்புகளில் 70 கிரெடிட் சேர்க்க வேண்டும், 40 மணி நேர வீட்டுப்பாடமாக ஒரு சிஸ்டத்தை டிசைன் செய்ய வேண்டும், அப்புறம் நேர்காணலில் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். முதல் முறை கோட்டைவிட்ட கதைக்கு நேராக வருகிறேன்.

40 மணி நேரத்தில் 35 மணி நேரம் படம் வரைந்தேன். படங்கள் நன்றாகத்தான் இருந்தன. முடிவுகளுக்கான காரணங்களைக் கடைசி ராத்திரி எழுதினேன், எல்லாவற்றுக்கும் 'ஸ்கேலபிலிட்டி', அதாவது லோடு கூடினாலும் தாங்கும் என்று. டிசைனில் காஃப்கா வைத்திருந்தேன், பெரிய அளவில் வந்து குவியும் செய்திகளைக் கடத்துகிற மென்பொருள் அது. நேர்காணலில் கேட்டார்கள்: "ஏன் காஃப்கா?"

கேள்வித்தாளை வெளியே சொல்லக்கூடாது, எண்களை மாற்றிச் சொல்கிறேன். நாளைக்கு 40,000 ஆர்டர். 86,400 நொடியால் வகுத்தால் நொடிக்கு அரை ஆர்டர்கூட இல்லை. உச்ச நேரத்துக்குப் பத்து மடங்கு வைத்தாலும் ஐந்தைத் தாண்டாது. அந்த வகுத்தலை நான் முதன்முதலாகப் போட்டதே அவர்கள் எதிரில்தான்! டிசைனில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஏற்கெனவே இருந்தது. 9.5 பதிப்பிலிருந்து அதில் 'ஸ்கிப் லாக்டு' உண்டு, வேறு யாரோ பூட்டி வைத்த வரிகளைத் தாண்டி அடுத்ததை எடுக்கிற வசதி. ஒரு டேபிளையே கியூவாக ஓட்டியிருக்கலாம். மூன்று பேர் டீமில் காஃப்கா கிளஸ்டரை ராத்திரி யார் பார்ப்பது? முழித்தேன்.

இரண்டாவது முறை, முடிவெடுத்த அன்றே ஒரு பக்க ஏடிஆர், அதாவது டிசைனில் எடுத்த ஒரு முடிவையும் அதன் காரணத்தையும் பதிகிற குறிப்பு. மென்பொருள் ஆர்க்கிடெக்ட் மைக்கேல் நைகார்ட் 2011-இல் முன்வைத்த வடிவம்தான்: தலைப்பு, நிலை, சூழல், முடிவு, விளைவுகள். தள்ளிவிட்ட வழிகளுக்கு அதில் தனி இடம் கிடையாது. நான் ஒன்று சேர்த்துக்கொண்டேன்: எதைத் தள்ளினேன், எந்த எண்ணைத் தாண்டினால் அதற்கு மாறுவேன். என்னைக் கேட்டால் மொத்தத் தேர்வும் இந்த இரண்டு வரிதான். பேச்சில் தடுமாறுகிற ஆள் நான், அதனால் எல்லாம் தாளில் இருக்க வேண்டும். வாய்ச் சாமர்த்தியம் உள்ளவர்களுக்கு இவ்வளவு தேவைப்படாமல் இருக்கலாம்.

மற்றபடி:

- விளைவுகளில் கெட்டதை முதலில் எழுதுங்கள். நல்லது மட்டும் இருந்தால் அங்கேதான் குடைவார்கள்.
- 'வேகமாக' என்பது தேவை இல்லை. '100 பேர் ஒரே சமயத்தில் தேடினாலும் 2 நொடிக்குள் பதில்' என்பதுதான் தேவை.
- ஆர்க்42 என்ற டிசைன் ஆவண டெம்ப்ளேட்டின் 12 பகுதிகளையும் ரொப்பிக்கொண்டிருக்காதீர்கள். 9-ஆம் பகுதியில் உள்ள ஒவ்வொரு முடிவும் 10-இல் உள்ள ஏதாவது ஒரு தரத் தேவையைக் கைகாட்ட வேண்டும்.
- முடிவை மாற்றினால் பழைய ஏடிஆரை அழிக்காதீர்கள். நிலையை மட்டும் மாற்றி, புதியதன் எண்ணைப் போடுங்கள்.
- லாகிங் லைப்ரரி மாதிரி சின்ன முடிவுகளுக்கெல்லாம் ஏடிஆர் வேண்டாம். நான் பதினொன்றோடு நிறுத்தினேன்.

இந்த முறை கேட்டது, "ஏன் மோனோலித்?" அதாவது, எல்லாவற்றையும் ஏன் ஒரே அப்ளிகேஷனாக வைத்தாய் என்று. நான்காவது ஏடிஆரில் எழுதியதை அப்படியே சொன்னேன்: "டீம் பதினைந்து பேரானால் பில்லிங்கை முதலில் பிரிப்பேன்." சரி என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். மைக்கை அணைக்காமல் நான் விட்ட பெருமூச்சு அவர்களுக்கும் கேட்டிருக்கும்.