ஒரு வருஷம் கழிச்சு வாங்க தம்பி

கல்லூரி ரத்ததான முகாமில் நர்ஸ் அக்கா இப்படிச் சொன்னதும் பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. முன்கையில் புத்தம் புது டாட்டூ. ஓரத்தில் தோல் இன்னும் உரிந்துகொண்டிருந்தது.

"ஹீமோகுளோபின் 14 இருக்குக்கா, எனக்கு என்ன குறை?" என்கிறான்.

குறை ஒன்றுமில்லை. குத்திய ஊசி சுத்தமா என்பதுதான் சந்தேகம்.

"எப்படியும் டெஸ்ட் பண்ணத்தானே போறாங்க?" என்றார் பக்கத்தில் நின்றவர். சரிதான். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, மலேரியா, சிபிலிஸ் ஐந்தையும் ஒவ்வொரு பையிலும் பார்த்தாக வேண்டும். ஆனால் கிருமி புகுந்த ஆரம்ப நாட்களில் அது எந்தச் சோதனையிலும் சிக்காது. அந்த ஓட்டையை அடைக்க இருப்பது, ரத்தம் எடுக்கும் முன் படிவத்தை வைத்துக்கொண்டு கேட்கும் கேள்விகள்தான்.

ஒரு பை ரத்தம் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என்று பிரிந்து மூன்று பேருக்குக்கூடப் போகும். அதில் ஒருவர், வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டிய தலசீமியா குழந்தையாக இருக்கலாம்.

எனக்கு உறுத்தியது வேறு. பாதுகாப்பற்ற உறவு உண்டா என்ற கேள்வியை, நாலு நண்பர்கள் தோளில் கைபோட்டு நிற்கும்போதே கேட்கிறார்கள். எவன் வாயைத் திறப்பான்? படிவம் முழுக்க 'இல்லை', 'இல்லை' என்று ஒரே இழுப்பில் டிக்.

செல்ஃபி எடுக்க மட்டும் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். அதில் பாதித் துணியை, கேள்வி கேட்கும் மேசையைச் சுற்றி மறைப்பாகக் கட்டியிருக்கலாம்.