சிவப்பு மருந்து எத்தனை மில்லிகிராம்?

"முன்னாடி என்ன கீமோ போட்டாங்க, எவ்வளவு போட்டாங்க? காகிதம் ஏதாவது இருக்கா?" என்று சென்னையில் ஒரு புற்றுநோய் மருத்துவர் கேட்டபோது அம்மா யோசிக்கவே இல்லை. "சிவப்பு மருந்துங்க டாக்டர். நாலு தடவை. போட்ட அன்னைக்கு ஒண்ணுக்குகூடச் சிவப்பாத்தான் போகும்" என்றாள். அவள் சொன்னது அத்தனையும் சரி. மருத்துவருக்கு மில்லிகிராம் கணக்கு வேண்டியிருந்தது.

2018-ல் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் கீமோ, கதிர்வீச்சு, தினம் ஒரு மாத்திரை என்று ஐந்து வருஷம். நன்றாகத்தான் இருந்தாள். 2024 ஏப்ரலில் அக்குளில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. சித்தி வீடு இருக்கிறதென்று சென்னைக்குக் கூட்டிப்போனேன்.

சிவப்பு மருந்தின் பெயர் டாக்ஸோரூபிசின். அது இதயத் தசையைப் பாதிக்கும் என்பதால், ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் சேர்த்து இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராம் என்பது பொதுவான கணக்கு. ஆறு வருஷம் முன்பு போட்டதும் அந்தக் கணக்கில் சேரும். "பழைய அளவு தெரியலைன்னா அந்த மருந்தைத் தொடவே எனக்குத் தயக்கமா இருக்கும்மா" என்றார் மருத்துவர். பழைய பயாப்சி (திசுப் பரிசோதனை) அறிக்கையும் கேட்டார். முடிந்தால் பிளாக்கையும், அதாவது அப்போது எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்ததையும், வாங்கி வரச் சொன்னார்.

ஊர் திரும்பியதும் வீட்டில் பீரோ மேலிருந்த மஞ்சப்பையை இறக்கினோம். ஸ்கேன் ஃபிலிம்கள் இருந்தன. ஈ.சி.ஜி. காகிதம் இருந்தது, ஆனால் கோடுகள் மங்கி வெறும் தாளாகக் கிடந்தது. சூட்டில் அச்சாகும் காகிதம் அப்படித்தான் ஆகுமாம், வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்திருக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சிகிச்சைச் சுருக்கம், டிஸ்சார்ஜ் சம்மரி, ஒன்றுகூட இல்லை. மெடிக்ளைமுக்கு (மருத்துவ இன்சூரன்ஸ்) ஒரிஜினல்தான் வேண்டும் என்று கேட்டதால் அத்தனையையும் அப்பா கட்டி அனுப்பிவிட்டார். நகல் எடுத்தாரா என்று கேட்க அவர் இப்போது இல்லை.

மறுநாளே அந்த மதுரை மருத்துவமனைக்குப் போனேன். வரவேற்பில் கேட்டால் எம்.ஆர்.டி.க்குப் போகச் சொன்னார்கள். மெடிக்கல் ரெக்கார்டு டிபார்ட்மென்ட், அடித்தளத்தில் கார் நிறுத்துமிடத்தை ஒட்டி ஓர் அறை. அங்கே இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "2018-ங்களா மேடம்? அதெல்லாம் கழிச்சாச்சு. கம்ப்யூட்டரும் நடுவுல மாத்திட்டாங்க." ஐ.பி. நம்பர், அதாவது உள்நோயாளி எண், என்ன என்றுகூடக் கேட்கவில்லை. நான் வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன்.

அன்றிரவு விதிகளைத் தேடிப் படித்தேன். இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-ல் கொண்டுவந்த நன்னடத்தை விதிகள்தான் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கின்றன. 2023-ல் வந்த புது விதிகளை அந்த மாதமே நிறுத்தி வைத்துவிட்டார்கள். உள்நோயாளியின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருஷம் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் ஒப்புகை கொடுத்து, 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்கின்றன 2002 விதிகள். மறுத்தால் அது மருத்துவரின் ஒழுங்கீனம். ரகசியம் என்று காரணம் காட்டி நோயாளியிடமே பதிவேடுகளை மறைக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1996-லேயே சொல்லியிருக்கிறது.

மூன்று வருஷம் என்ற வரியைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எங்களுக்கு ஆறு வருஷம் ஆகிவிட்டது. புற்றுநோய்க்கு மூன்று வருஷம் எந்தக் கணக்கில் போதும்? திரும்பி வந்தால் பத்து வருஷம் கழித்தும் வரும் நோய் இது. இந்த விதியை எழுதியவர்கள் ஒரு புற்றுநோய் வார்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் அந்த எண்ணை மாற்றியிருப்பார்கள் என்றே நம்புகிறேன். ஆனால் மூன்று வருஷத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று விதி சொல்லவில்லை. இருந்தால் கொடுக்கட்டும், இல்லையென்றால் இல்லை என்று எழுதிக் கொடுக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

ஒரு பக்கக் கடிதம்தான். அம்மாவின் பெயர், ஐ.பி. நம்பர் (பழைய ஸ்கேன் உறையின் மூலையில் எழுதியிருந்தது), சேர்ந்த தேதி, வீட்டுக்கு வந்த தேதி. "என் மருத்துவ ஆவணங்கள்" என்று பொதுவாக எழுதவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவை சிகிச்சைக் குறிப்பு, பயாப்சி அறிக்கை, ஈ.ஆர்., பி.ஆர். (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (ஒரு புரதம்) அறிக்கை, கீமோ கொடுத்த அட்டவணை, கதிர்வீச்சு சம்மரி, பாரஃபின் பிளாக் என்று ஒவ்வொன்றாக எழுதினேன். கடைசி வரியாக, "இவற்றில் எதையேனும் அழித்திருந்தால், எது, எப்போது என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்." மகளுக்கு அதிகாரம் கொடுப்பதாகத் தனியாக ஒரு கடிதம், ஆதார் நகல்.

அம்மா கையெழுத்துப் போடுமுன் இரண்டு தடவை படித்தாள். "ஏம்மா, இவ்வளவு பேப்பரு என்னையப் பத்தி எழுதியிருக்காங்களா?" என்று கேட்டாள்.

இரண்டு பிரதி எடுத்துப்போய் மருத்துவக் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்கினேன். முத்திரை போட அங்கிருந்த பெண் ஊழியர் தயங்கினார். "வாங்கிக்கிட்டதுக்கு மட்டும்தாங்க" என்று கேட்டு நின்றேன், போட்டார். மூன்றாம் நாள் போன் வந்தது, வாங்கிப்போகலாம் என்று. போன வாரம் எதுவுமே இல்லை என்ற அதே அறையிலிருந்துதான் பேசினார்கள்.

கேஸ் ஷீட்டும் (வார்டில் எழுதிய சிகிச்சைப் பதிவு) கீமோ அட்டவணையும் உண்மையிலேயே போயிருந்தன. 2022-ல் கழித்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டே கொடுத்தார்கள். ஆனால் நோய்க்குறியியல் பிரிவு தனியாகப் பதிவேடு வைத்திருந்தது. பயாப்சி அறிக்கையும் ஹெர்2 அறிக்கையும் அங்கே கிடைத்தன, பிளாக்கும் இருந்தது. ஜெராக்ஸ் காசு மட்டும் வாங்கினார்கள்.

பிளாக் என்றால் என்னவென்று அன்றுதான் பார்த்தேன். சின்னப் பிளாஸ்டிக் சட்டத்தில் மெழுகு, அதற்குள் பாக்குச் சீவல் அளவுக்கு ஒரு திசுத்துண்டு. அம்மாவின் உடம்பிலிருந்து எடுத்தது. பரிசோதனை முடிந்ததும் திருப்பித் தருவேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். "வெயில்ல நிக்கிற கார்ல வச்சிராதீங்க, மெழுகு இளகிரும்" என்றார் ஆய்வகத்தில் ஒரு பெரியவர். மே மாத மதுரை. சென்னைக்கு ராத்திரி பஸ்ஸில் அதை மடியில் வைத்தபடியே போனேன்.

மில்லிகிராம் இன்னும் கிடைக்கவில்லை. வழி காட்டியது சித்தி. "ஒரிஜினல் எல்லாம் இன்சூரன்ஸ்காரங்ககிட்டதானே இருக்கு, அங்க கேளேன்" என்றாள். அந்த யோசனை எனக்கு ஏன் வரவில்லை என்று இன்றும் வருத்தம்தான். பாலிசி எண்ணைப் போட்டு, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்காகக் கிளைம் பார்த்த இடைநிலை நிறுவனமான டி.பி.ஏ.வுக்கும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரிஜினல் வேண்டாம், ஸ்கேன் நகல் போதும் என்று கேட்டேன். இரண்டு நினைவூட்டலுக்குப் பிறகு, பதினோராம் நாள் ஒன்பது பி.டி.எஃப். வந்தன. ஒவ்வொரு கீமோவுக்கும் ஒரு பகல் மட்டும் சேர்த்து அனுப்பியதால், ஒவ்வொன்றுக்கும் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தது. உடல் பரப்பு 1.5 சதுர மீட்டர். டாக்ஸோரூபிசின் 90 மில்லிகிராம். நான்கு தடவையும் அதே அளவு. ஓரத்தில் அப்பா நீல மையில் பக்க எண் போட்டிருந்தார்.

மருத்துவர் அதே இடத்தில் கணக்குப் போட்டார். மொத்தம் 360, சதுர மீட்டருக்கு 240. "வரம்புக்கு இன்னும் இடம் இருக்கு" என்றார். பழைய பிளாக்கையும் புதுப் பயாப்சியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நோய் திரும்பி வரும்போது ஈ.ஆர்., ஹெர்2 தன்மை சிலருக்கு மாறிவிடுமாம். அம்மாவுக்கு மாறவில்லை, இரண்டிலும் ஹார்மோன் ஏற்பி இருந்தது. அதனால் முதலில் மாத்திரை, ஊசி வழி. சிவப்பு மருந்தை இப்போதைக்குத் தொடவில்லை, தேவைப்பட்டால் எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்துவிட்டு யோசிக்கலாம் என்று குறித்துவைத்தார்.

அரசு மருத்துவமனையில் காட்டியவர்கள் என்னிடம் கேட்டால் தகவல் உரிமைச் சட்டத்தையும் சொல்கிறேன். முதலில் கண்காணிப்பாளருக்கு இதே மாதிரி ஒரு கடிதம், அதில் நகராவிட்டால் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு. தமிழ்நாட்டில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரத்தில். நோயாளியே தன் சொந்தப் பதிவைக் கேட்பதாக மனுவில் தெளிவாக எழுத வேண்டும். இல்லையென்றால் பிறருடைய அந்தரங்கத் தகவல் என்று திருப்பிவிடுவார்கள்.

இப்போது வீட்டில் ஒரு பெட்டிக் கோப்பு இருக்கிறது, புதியது மேலே. ஸ்கேன் சி.டி.க்களை பென் டிரைவில் ஏற்றிவிட்டேன், வரும் கணினிகளில் சி.டி. போடும் வாயே இல்லை. கோப்புகளின் பெயர் வருஷத்தில் தொடங்கும். அரசின் டிஜிட்டல் சுகாதார அடையாளமான ஆபா எண்ணும் எடுத்தாயிற்று, 14 இலக்கம். பழைய மருத்துவமனைத் தாள்கள் தாமாக அதில் வந்து சேரவில்லை, நாமே ஏற்ற வேண்டியிருந்தது. மெடிக்ளைமுக்கு எதை அனுப்பினாலும் முதலில் ஜெராக்ஸ் கடைதான்.

போன மாதம் ஊசி போட்டு முடிந்து கிளம்பும்போது பில் கவுன்டரில் அம்மா எனக்கு முன்னால் போய் நின்றாள். "தம்பி, மருந்து அளவு எழுதின பக்கம் இதுல இருக்கா, பாருங்க" என்றாள். அந்தத் தம்பி திரும்ப உள்ளே போய் எடுத்துவந்தார். பிளாக் இன்னும் சென்னையில்தான் இருக்கிறது. அதைத் திருப்பி வாங்குவதற்கான ரசீதைக் கோப்பின் முதல் உறையில் வைத்திருக்கிறேன்.